ஆமை புகுந்த லேப்டாப்

மிக்ஸி ஓடவில்லை என்றால் அதன் அடிவயிற்றில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கலாம். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் மூடியைத் திறந்து ஒரு குடம் ஊற்றிப் பார்க்கலாம். ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் ஒருபக்கமாகச் சாய்க்கலாம். எதற்கும் மசியவில்லையா, ஓங்கி ஒரு தட்டுத் தட்டலாம். தட்டுவதற்கு அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்பதே பெரிய நிம்மதி.

எங்கள் வீட்டில் கிளம்ப மறுத்ததோ கையால் தொட முடியாத ஒரு கம்ப்யூட்டர். வயர் கிடையாது, ஸ்விட்ச் கிடையாது, எடை கிடையாது. லேப்டாப்புக்குள் ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, "நானும் ஒரு கம்ப்யூட்டர்தான்" என்று நடிக்கும். அதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். இல்லாத மெஷின் ஓடவில்லை என்று எந்த மெக்கானிக்கைக் கூப்பிட முடியும்? என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இந்த வீட்டில் நான் "சிஸ்டம் தெரிஞ்சவர்". அந்தப் பட்டம் வந்த கதை சுருக்கமானது. எப்போதோ ஒருநாள் நெட் வரவில்லை என்று எல்லாரும் அல்லாடியபோது மோடத்தை அணைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று, திரும்பப் போட்டேன். வந்துவிட்டது. கண்ணை மூடி நின்றது அலுப்பில். என் மாமனார் அதை ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொண்டார். அன்று முதல் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில்கூட பந்திக்கு முன்னால் என்னிடம் செல்போனைத்தான் நீட்டுகிறார்கள். நானும் மறுத்ததில்லை. வாங்கி, புருவத்தைச் சுருக்கி, அணைத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். என் மொத்தப் படிப்பும் அவ்வளவுதான். ஆனால் புருவம் சுருக்குவதில் எனக்குச் சமமாக இந்தத் தெருவில் ஆள் கிடையாது.

மாமனார் ரிட்டயர் ஆன பிறகு ஜாதகத்தில் இறங்கியவர். அவரிடம் ஒரு பழைய ஜாதக சாஃப்ட்வேர் இருக்கிறது. விண்டோஸ் 3.1 காலத்துச் சரக்கு, பதினாறு பிட். உறவில் பிறந்த குழந்தை ஒன்று விடாமல் அதற்குள் ஏற்றி வைத்திருக்கிறார். புதிதாக வந்த எந்த ஆப்பையும் அவர் நம்புவதில்லை. "திருக்கணிதம் மட்டும் போட்டுட்டு வாக்கியத்தை விட்டுடறான் மாப்பிள்ளை" என்பார். அவர் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி 2025 மார்ச்சிலேயே மீனத்துக்குப் போய்விட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சில்தான். திருநள்ளாறே வாக்கியத்தைப் பின்பற்றும்போது ஆப் எழுதிய பையன் சொல்வதையா கேட்பது? ஏழரைச் சனி ஒரு வருஷம் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் ஒன்றா?

அந்த சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்.பி. போட்ட பழைய டெஸ்க்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தது. இடத்தை அடைக்கிறது என்று என் மனைவி அதைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்க முடிவெடுத்தாள். இப்போதைய விண்டோஸ் 11 அறுபத்துநான்கு பிட்டில் மட்டும்தான் வருகிறது. பதினாறு பிட் நிரலைக் காட்டினால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே இன்ஜினியரிங் படிக்கும் என் மகன் ஒரு காரியம் செய்தான். டிஸ்க்-டு-விஎச்டி என்றொரு இலவசக் கருவியை ஓடவிட்டு, டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒற்றைக் கோப்பாக உருவி எடுத்துவிட்டான். உயிர் கோப்பில், உடம்பு தராசில். பேப்பர்காரர் கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு முன்னால், அந்தக் கோப்பைப் பென் டிரைவில் ஏற்றப் போனபோது, கோப்பு பெரிது என்று அது துப்பியது. பென் டிரைவில் எத்தனை ஜி.பி. காலி இருந்தாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் ஒரு கோப்பு நான்கு ஜி.பி.க்கு மேல் போகக்கூடாதாம். அதை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி, புது லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, ஒரு சுபமுகூர்த்தத்தில் "ஸ்டார்ட்" அமுக்கினோம். மாமனார் வெள்ளை வேட்டியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெரிய பேத்திக்கு, அதாவது என் மைத்துனி மகளுக்கு, ஒரு வரன் வந்திருந்தது. பையன் வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

சின்னதாக ஒரு ஜன்னல் திறந்தது. உடனே அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறியோடு இன்னொன்று. "வெர்ர்" என்று உறுமலில் ஆரம்பிக்கும் ஒரு குறியீடு. எல்லா சி.பி.யூ. நிலைகளிலும் வி.டி.எக்ஸ். பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறது என்று அதன் கீழே ஒரு வரி.

நான் புருவத்தைச் சுருக்கினேன். அணைத்துப் போட்டேன். மறுபடி உறுமியது.

"என்ன சொல்றான் மாப்பிள்ளை?"

"வி.டி.எக்ஸ். இல்லைங்கறான் மாமா."

"வாங்கிப் போட்டுடலாமே. கடை திறந்திருக்குமா?"

இந்த இடத்தில் நான் இரவெல்லாம் கண்விழித்துப் படித்ததைக் கொஞ்சம் கொட்டியாக வேண்டும். வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் வித்தை ஒன்றும் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சி மையம் 1967-லேயே சி.பி.-40 என்ற ஏற்பாட்டில் ஒரே இயந்திரத்துக்குள் பதினான்கு பொய் இயந்திரங்களை ஓடவிட்டது. 1972-இல் வி.எம்./370 என்று அதை விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் சிப்புகள்தான் இதற்கு வளையாமல் இருந்தன. 1999-இல் வி.எம்.வேர் அதையும் ஒரு தந்திரத்தால் செய்து காட்டியது. உள்ளே ஓடும் ஏடாகூடமான கட்டளைகளை ஓடும்போதே பிடித்து, ஆபத்தில்லாத கட்டளைகளாக மாற்றி எழுதிவிடுவது அந்தத் தந்திரம். 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏ.எம்.டி.யும் இதற்கான வசதியைச் சிப்பிலேயே வைத்துவிட்டன. இன்டெல்காரர் வைத்த பெயர் வி.டி.எக்ஸ்., ஏ.எம்.டி.காரர் வைத்தது ஏ.எம்.டி.-வி. சிப்பில் இது வந்தபின் பழைய தந்திரத்தைச் சுமப்பானேன் என்று 2019 கடைசியில் வந்த 6.1 பதிப்பிலிருந்து விர்ச்சுவல்பாக்ஸ் அதைக் கழற்றிவிட்டது. இப்போது வி.டி.எக்ஸ். இருந்தால் ஓடும், இல்லையென்றால் உறுமும்.

இதையெல்லாம் மாமனாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"1972-லேயே ஓடிச்சா?"

"ஆமாம் மாமா."

"அப்ப இப்ப ஏன் ஓடல?"

என் மகன் எதுவும் பேசாமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். பெர்ஃபார்மன்ஸ் பக்கம், சி.பி.யூ. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: "விர்ச்சுவலைசேஷன்: டிசேபிள்டு". சிப்பில் வசதி இருக்கிறது, யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பூட்டு பயாஸில். அதாவது விண்டோஸ் கண்விழிப்பதற்கு முன்னால், லேப்டாப் தன் பெயரைக் காட்டும் அந்தக் கண நேரத்தில், சரியான பொத்தானைத் தட்டி உள்ளே புகவேண்டும்.

எந்தப் பொத்தான்? அதைத்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருக்கிறார்கள். எஃப்2 என்பவர் உண்டு, எஃப்10 என்பவர் உண்டு, டெலிட், எஸ்கேப் என்பவர்களும் உண்டு. நான் யாருக்கும் குறை வைக்க வேண்டாம் என்று மேல் வரிசை முழுவதையும் ஆர்மோனியம் வாசித்தேன். விண்டோஸ் ஒவ்வொரு முறையும் என்னை முந்திக்கொண்டு வந்து வணக்கம் சொன்னது. மகன், "அப்பா, செட்டிங்ஸ்ல ரெக்கவரிக்குப் போனா அதுவே பயாஸுக்குக் கூட்டிட்டுப் போகும்" என்றான். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். "நல்லா இருந்துச்சு, பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

பயாஸுக்குள் போனதும் மாமனார் கையை நீட்டித் தடுத்தார். "இருங்க மாப்பிள்ளை. எமகண்டம் முடியட்டும்." ஒரு காபி குடித்தோம்.

வி.டி.எக்ஸை அங்கே எந்த மூலையில் வைத்திருப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. "அட்வான்ஸ்டு" என்ற தலைப்பில் இருந்தால் அதிர்ஷ்டம். சிலர் "செக்யூரிட்டி"யில் வைக்கிறார்கள். சில மதர்போர்டுகளில் சிப்பை மிதமிஞ்சி ஓட்டுகிறவர்களுக்கான ஓவர்கிளாக்கிங் பக்கத்தில் கிடக்கிறது. ஏ.எம்.டி.யில் அதற்குப் பெயரே "எஸ்.வி.எம். மோட்", விர்ச்சுவல் என்ற வார்த்தை மருந்துக்கும் இல்லை. எங்களுடையது ஒரு துணைமெனுவின் கடைசி வரியில் இருந்தது. "எனேபிள்டு" என்று மாற்றி, எஃப்10 தட்டி வெளியே வந்தோம்.

வந்தால் நீலத்திரை. உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, ரெக்கவரி கீயைத் தட்டுங்கள் என்றது. நாற்பத்தெட்டு இலக்கம். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். பயாஸில் யாரோ கைவைத்ததைப் பார்த்து லேப்டாப் என்னைத் திருடன் என்று முடிவுகட்டியிருந்தது. முகராசியை வைத்துச் சொல்லியிருந்தாலும் தப்பில்லை. கையில் டார்ச்சோடு விசைப்பலகை மேல் குனிந்திருந்தேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, நம்பர்தானே? பீரோவுல கேஸ் புக்குக்குள்ள இருக்கு பாருங்க." லேப்டாப் வாங்கிய அன்றே மகனிடம் கேட்டு, காகிதத்தில் எழுதி மடித்து வைத்திருக்கிறாள். மாமனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ராசி எண் படிக்கும் ராகத்தில் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். நடுவில் ஒரு கூட்டத்தை நிறுத்தி, "கூட்டினா எட்டு வருது, சனியோட எண். பரவால்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். திறந்தது.

விர்ச்சுவல்பாக்ஸில் மீண்டும் ஸ்டார்ட். இந்த முறை உறுமல் இல்லை. கறுப்புத் திரை, எக்ஸ்.பி.யின் சின்னம், கீழே மூன்று நீலக் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஓடின. மாமனார் கைகூப்பினார். சட்டென்று ஒரு நீல மின்னல் வெட்டி எல்லாம் மறைந்தது. திரும்ப முதலிலிருந்து கறுப்புத் திரை, சின்னம், கட்டங்கள், மின்னல். அந்த மின்னலில் என்னவோ எழுதியிருக்கிறது, படிப்பதற்குள் போய்விடுகிறது. மகன் செல்போனில் ஸ்லோமோஷனில் படம் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினான். வெள்ளை எழுத்தில் 7பி என்று முடியும் ஓர் எண்.

அதன் பொருள், எக்ஸ்.பி.க்குத் தன் சொந்த டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியவில்லை என்பது. எக்ஸ்.பி. வந்தது 2001-இல், ஐ.டி.இ. என்ற பட்டை வயரில் டிஸ்க்கைப் பார்த்துப் பழகியது. புது மெஷினை உருவாக்கும்போது டிஸ்க்கை சாட்டா இணைப்பில் மாட்டிவிட்டால், உள்ளூர்ப் பேருந்தையே பார்த்த கண்ணுக்கு மெட்ரோ ரயில் எங்கே வரும் என்று தெரியாது. ஸ்டோரேஜ் பக்கத்தில் அதைக் கழற்றி ஐ.டி.இ.யின் கீழ் மாட்டியதும் எக்ஸ்.பி. தன் பச்சைப் புல்வெளியோடு வந்து நின்றது. ஜாதக சாஃப்ட்வேர் திறந்தது. மூன்று தலைமுறையும் உள்ளே பத்திரமாக இருந்தது. என் பெயர்கூட இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எனக்குப் பொருத்தம் பார்த்த பக்கம். கீழே மாமனார் குறிப்பில் "சுமார்" என்று தட்டியிருந்தார். நேரமாகிவிட்டது, மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே மூடினேன்.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் அமுக்கினால், அந்த நீலக் கட்டங்கள் வலப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் பால் பொங்கி அடங்கிவிட்டது. மவுஸை நகர்த்தினால் அம்பு யோசித்துப் பார்த்துவிட்டு வந்தது. ஜன்னலின் வலது கீழ் மூலையில், வரிசையாக இருக்கும் பொடிப் படங்களுக்கு நடுவே, நேற்று இல்லாத ஒன்று. பச்சை நிறத்தில் ஓர் ஆமை.

நான் கற்பனை செய்யவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ்காரர்கள் உண்மையிலேயே ஆமைப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஊரே சொல்லும்போது, ஜாதகம் பார்க்கிறவர் கண்ணெதிரே ஓர் ஆமை. மாமனார் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எப்படி மாப்பிள்ளை உள்ள வந்துச்சு?"

அது உள்ளே வந்த வழி என் மகன். வி.டி.எக்ஸ். என்பது எங்கள் பீரோ சாவி மாதிரி. ஒரு நேரத்தில் ஒருவர் இடுப்பில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடான ஹைப்பர்-வி முதலில் எழுந்து சாவியைச் செருகிக்கொண்டால், பின்னால் வருகிற விர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றையும் எடுக்கவேண்டும். அந்த இழுபறிக்கு அடையாளம் ஆமை. யாரும் எழுப்பாதவரை ஹைப்பர்-வி சும்மா தூங்கும். அதை எழுப்பும் காரியங்கள் சில உண்டு; விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.2 அதில் ஒன்று. நாங்கள் பயாஸ் பூட்டைத் திறந்த அன்று ராத்திரியே, "ரொம்ப தாங்க்ஸ்ப்பா, என் ப்ராஜெக்ட்டுக்கும் இதான் தடையா இருந்துச்சு" என்று சொல்லாமல் கொள்ளாமல் அதில் உபுண்டு என்ற லினக்ஸை நிறுவிவிட்டான். நாற்பத்தெட்டு இலக்கத்தைத் தாத்தா பாடிப் பெற்ற வரத்தைப் பேரன் கொண்டுபோய்விட்டான்.

வழக்கு என்னிடம் வந்தது. ஒருபக்கம் மைத்துனி மகளின் கல்யாணம். மறுபக்கம் மகனின் இன்டர்னல் மார்க். பி.சி.டி.எடிட் என்ற கட்டளையில் ஹைப்பர்-வி எழவேண்டாம் என்று ஒரு வரி தட்டி ரீஸ்டார்ட் செய்தால் ஆமை போய்விடும், உபுண்டுவும் போய்விடும். திரும்பத் தட்டினால் உபுண்டு வரும், ஆமையும் வரும். இருதரப்பையும் கேட்டறிந்து நான் புருவத்தைச் சுருக்கினேன்.

"ரெண்டுமே வேணும்னா கிளம்பும்போதே கேக்கச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி, கறிவேப்பிலை உருவிக்கொண்டே.

கிளம்பும்போதே கேட்கச் சொல்ல முடியும்! அதே பி.சி.டி.எடிட்டில் விண்டோஸின் துவக்கப் பதிவைப் பிரதி எடுத்து, ஒன்றில் ஹைப்பர்-வி உண்டு, மற்றதில் இல்லை என்று வைத்துவிடலாம். மகன் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டான். லேப்டாப் இப்போது கிளம்பும்போது ஒரு மெனு காட்டுகிறது: "பேரன்", "தாத்தா". முப்பது விநாடிக்குள் எதையும் தொடாவிட்டால் பேரன் பக்கம் போய்விடும், அவன்தானே செய்தான். இந்த ஏற்பாட்டின் பெருமை உறவுக்குள் என் பெயரில்தான் பரவியிருக்கிறது. நான் திருத்தப் போகவில்லை.

மாமனார் விடியற்காலையில் வந்துவிடுகிறார். அம்புக்குறிப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, பவர் பொத்தானை என்னை அமுக்கச் சொல்கிறார். ஆமை இல்லை. வரனின் ஜாதகத்தையும் பெண்ணின் ஜாதகத்தையும் ஏற்றிப் பார்த்தார். பத்துக்கு ஏழு. ரஜ்ஜு உண்டு. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்பிள்ளை, ஒரு பிரிண்ட் போடுங்க. சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பணும்."

வீட்டில் இருப்பது வை-ஃபையில் ஓடும் புது பிரிண்டர். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் கைவிரித்தது 2014-இல். இந்த பிரிண்டரின் டிரைவர் பட்டியலில் எக்ஸ்.பி. என்ற பெயரே இல்லை. மகனோ தேர்வுக்கு ஹாஸ்டல் நண்பன் அறைக்குப் போயிருந்தான், போன் எடுக்கவில்லை. அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. எட்டிப் பார்த்தேன்.

"மாமா, இன்னைக்கு அஷ்டமி. நல்ல காரியத்துக்கு முதல் தாள் இன்னைக்கு எடுக்கணுமா?"

எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து வாக்கியப் பஞ்சாங்கத்தை எடுத்து அதையும் பார்த்தார். பிறகு என்னை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

"நாளைக்கு நவமி. அதுவும் வேண்டாம் மாப்பிள்ளை" என்றார்.